ஒரே தட்டில் ஒரு கல்யாணம்

ஆறு வருஷத்தில் எண்ணூறு கல்யாணங்களை வெட்டி ஒட்டியவள் முத்துச்செல்வி. கோவில்பட்டியில் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் ஸ்டூடியோவில் எடிட்டர். எந்த மாப்பிள்ளைக்குத் தாலி கட்டும்போது கை நடுங்கியது, எந்த மாமன் பந்தியில் மூன்றாம் தடவை உட்கார்ந்தார், எல்லாம் அவளுக்கு அத்துபடி. அப்பேர்ப்பட்டவள் எப்போதும்வென்றான் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். வந்த மூன்றாம் நாளே மாமியார் பாண்டியம்மாள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“ஏட்டி, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கிறதெல்லாம் ஒரு வேலையா? உன் கல்யாணப் படத்த நீயே போட்டுக் கொண்டா. பாத்துட்டுச் சொல்லுதேன், நீ வேலைக்குப் போகணுமா வேண்டாமான்னு. ஆனா ஒரே டிவிடி தட்டு. கல்யாணத்த ரெண்டு துண்டாக்கப்பிடாது. வந்த சனத்துல ஒரு ஆளும் விட்டுப்போவக்கூடாது.”

“சரி அத்தை” என்று தலையாட்டிவிட்டாள். வேலையை விட்டால் அவளுக்கு மூச்சு முட்டிப்போகும். ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. படம் மூன்று மணி ஐம்பது நிமிஷம். ஒரு டிவிடியில் இரண்டு மணி நேரம் வரைக்கும்தான் முகம் முகமாக இருக்கும். அதற்கு மேல் திணித்தால், நூறு பேருக்கு வைத்த சாம்பாரில் தண்ணீரை ஊற்றி இருநூறு பேருக்குப் பரிமாறிய கதைதான். திணித்தும் பார்த்தாள். மேளம் அடிக்கிற இடத்தில் மாமியாரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து கடலைமிட்டாய் ஆகிவிட்டது. கடவுளே! இதைக் கொண்டுபோய்க் காட்டினால் விளங்கின மாதிரிதான்.

மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். மேடையேறி வாழ்த்தியவை மட்டும் முந்நூறு குடும்பங்கள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நம்ம சனம் இருக்கிறதே, வீடியோ லைட்டைக் கண்டாலும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்! ஒவ்வொரு குடும்பமும் இருபத்தாறு விநாடி, கண்கூடச் சிமிட்டவில்லை.

“அண்ணாச்சி, இவிய யாரும் அசையவே இல்ல! பெறவு எதுக்கு இருபத்தாறு செகண்டு?” என்று கத்தினாள்.

குடும்பத்துக்கு நாலு விநாடி வைத்தாள். ஒரு தலை விடவில்லை. படம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. அடுத்து, படத்தை டிவிடிக்கு மாற்றுகிற எக்ஸ்போர்ட்டில் ‘டூ பாஸ்’ போட்டாள். கம்ப்யூட்டர் முதல் தடவை சும்மா பார்த்து, எங்கே அசைவு அதிகம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் தடவை, ஆடாமல் நிற்கிற காட்சியில் தட்டின் இடத்தை மிச்சம் பிடித்து ஆடுகிற காட்சிக்கு வாரிக் கொடுக்கும்.

ஆட்டம் என்றால் சாதாரண ஆட்டமா? பெண்ணை மண்டபத்துக்கு அழைத்து வந்த நேரம், சமையல்கட்டுப் பின்வாசலில், கேமரா இல்லையென்று நினைத்து, சாட்சாத் பாண்டியம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நையாண்டி மேளத்துக்கு ஒரு நிமிஷம் ஆடித் தீர்த்திருந்தாள். ஸ்டூடியோவுக்கு முத்துச்செல்வியோடு வந்திருந்த அவள் புருஷன் சண்முகராஜ் அதைப் பார்த்துப் பதறினான்.

“ஏட்டி, அத வெட்டிரு. அம்மா நம்ம ரெண்டு பேரையும் கொன்னுரும்.”

“வெட்ட மாட்டேன். இம்புட்டு அழகா யாரு ஆடுவா? வேலை போனாப் போவுது” என்றாள். சொன்னாளே தவிர, டிவிடியில் ஏற்றும் முன் அந்த இடத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல். தெருவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய், “ஏ, என் மூக்குத்தி மின்னுறதப் பாருங்கடி!” என்று குதித்தாள். அந்த நேரம் பார்த்து பின்வாசல் ஆட்டம் வந்தது.  சேலைக் கரையும் கழுத்து வியர்வையும்கூடக் கலங்காமல் தெரிந்தன. சண்முகராஜ் நைசாக வாசல் பக்கம் நகர்ந்தான். 

பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா? அட, சிரிப்பு!

“ஏலே சண்முகம், எங்கலே போற? அதத் திருப்பிப் போடு.”

மூன்று தடவை போட்டார்கள். மூன்றாம் தடவை தெருவே கைதட்டித் தாளம் போட்டது.

“மைனி, எங்க வீட்டுக் கல்யாணப் படத்தையும் உங்க மருமவளையே போட்டுத் தரச் சொல்லுங்க” என்றாள் வெள்ளைத்தாய்.

பாண்டியம்மாள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அதெல்லாம் வீட்டுல வச்சுக் கேக்கப்பிடாது. நாளையில இருந்து அவ ஸ்டூடியோவுலதான் இருப்பா. அங்கன போயிக் கேளு.”