ஞானசீலன் அண்ணையும் நானும் பாஸ்கல் படித்த கதை

ஞானசீலன் அண்ணை இறந்துவிட்டாராம். இன்று காலை எங்கள் பழைய ஒஃபிஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போட்டிருந்தார். மன்னாரில், மகள் வீட்டில், நித்திரையிலேயே...

இரண்டு தரம் வாசித்தேன். அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது, அதை இனி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

யாழ்ப்பாண டவுனில் ஒரு கூட்டுறவு ஒஃபிஸில் அவர் டைப்பிஸ்ட், நான் கிளார்க். குருநகர் ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் கொம்பியூட்டர் வகுப்பில் இரண்டு பேரும் ஒரே வாங்கில்தான் இருந்தோம்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை, தெரியும்தானே. அரியாலையில் ஒரு வீட்டு முன்னறையில் வகுப்பு. கிழமை நாட்களில் கரும்பலகையில் பாஸ்கல் என்ற கொம்பியூட்டர் மொழி, சனிக்கிழமை மட்டும் ஒரு மணித்தியாலம் மண்ணெண்ணெய் ஜெனரேட்டர்.

அந்த ஒரு மணித்தியாலத்தை ஒன்பது பேர் பங்கு போட வேண்டும். இருந்ததோ ஒரேயொரு கொம்பியூட்டர்.

முதல் கிழமையே படிப்பித்த சேர் பலகையில் எக்ஸ் என்பது எக்ஸ் கூட்டல் ஒன்று என்று எழுதினார். அண்ணை என் பக்கம் சரிந்து மெல்லக் கேட்டார். "தங்கச்சி, ஒரு எண் எப்பிடித் தன்னைவிட ஒண்டு கூட இருக்கும்?"

நான் ஏ.எல்லுக்குக் கணிதம் செய்தவள். எனக்கும் விளங்கவில்லை. இது சமன் இல்லை, பழைய பெறுமதியை எடுத்து ஒன்று கூட்டித் திரும்ப உள்ளே வைப்பது என்று சேர் விளக்கினார். இரண்டு பேரும் தலையை ஆட்டினோம்... ஆட்டினோம், அவ்வளவுதான்.

ஒஃபிஸில் மத்தியானம் சாப்பிட்ட பிறகு பயிற்சி. நான் புரோகிராமைக் கடுதாசியில் எழுதுவேன், அவர்தான் கொம்பியூட்டர். வரி வரியாக வாசித்து, ஸ்கிரீனில் என்ன வருமோ அதைப் பழைய சுற்றறிக்கையின் பின்பக்கம் எழுதுவார்.

ஒருநாள் ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எழுதும் புரோகிராமைக் கொடுத்துவிட்டு, கை கழுவப் போய் அங்கே ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வந்தால் பக்கம் முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று... அடுத்த தாளையும் எடுத்துவிட்டார்.

என்ன அண்ணை இது என்றேன். "நீங்கள் எழுதின மாதிரித்தான் ஓடுறன். நிப்பாட்டச் சொல்லி எங்கை எழுதியிருக்கு?"

உண்மைதான். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வரிகளுக்கு முன்னால் பிகின், பின்னால் எண்ட் போட வேண்டும். நான் போடவில்லை. அதனால் முதல் வரி மட்டுமே திரும்பத் திரும்ப ஓடும், எண் கூடவே கூடாது. அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

அடுத்த வருடம் ஒரு நிவாரண நிறுவனத்துக்குக் கொம்பியூட்டர் தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டது. ஒரு சனிக்கிழமை வகுப்புக்கே வந்து டெஸ்ட் வைத்தார்கள். இரண்டு பேரும் அப்ளை பண்ணியிருந்தோம்.

எனக்கு அந்த வேலை வேண்டும். ஆனால் அவருக்கு இன்னும் வேண்டும். கடலுக்குப் போகத் தடை, தகப்பனின் வள்ளம் கரையில் கிடந்தது. ஏழு பேர் இருந்த வீட்டில் சம்பளம் அவருக்கு மட்டும்தான்.

கேட்டது அதே ஒன்றிலிருந்து பத்து. கடுதாசியில் எழுதிவிட்டுப் பிறகு டைப் பண்ண வேண்டும். எனக்கு டைப்பிங் சரியாக வராது என்பதால் அண்ணை எனக்கும் அடித்துத் தரலாம் என்று சேர் விட்டார்.

என்னுடையதை முதலில் அடித்தார். பக்கத்தில்தான் இருந்தேன், ஆனால் பதற்றத்தில் ஒன்றும் பார்க்கவில்லை. ஓட விட்டதும் பத்து எண்களும் அழகாக இறங்கின.

பிறகு அவருடையது. ஸ்கிரீன் முழுக்க ஒன்று... ஒன்று... ஒன்று. நிறுவனத்திலிருந்து வந்திருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் தாளில் ஏதோ எழுதினார். சேர் எழும்பி வந்து நிறுத்தினார்.

எல்லாரும் வெளியே போன பிறகு கீபோர்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடுதாசிகள் இரண்டும் கிடந்தன. என்னுடையதில் பிகினும் இல்லை, எண்டும் இல்லை; பதற்றத்தில் திரும்பவும் விட்டிருந்தேன். அவருடையதில் இரண்டும் இருந்தன.

மேலே பெயர் எழுதித்தான் இருந்தது. மாறி எடுத்துவிட்டாரா? தெரிந்தே செய்தாரா? கடுதாசியில் இருப்பதை ஒரு எழுத்துப் பிசகாமல் அடிக்கிற மனிதர் அவர்.

நான் சேரிடம் சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை ஒஃபிஸில் கடுதாசி மாறிப்போனதோ என்று அவரிடம் கேட்டேன். டைப்ரைட்டரை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு உந்தக் கோதாரி கடைசி வரைக்கும் விளங்கேல்லைத் தங்கச்சி. உங்களுக்கு ஓடினதுதானே."

அவ்வளவுதான். அடுத்த மாதம் நான் புது வேலைக்குப் போய்விட்டேன்.

பிறகு தொண்ணூற்றைந்தில், ஊரே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, ஒரு பள்ளிக்கூடத்தில் நிவாரணத்துக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் மேசைக்கு முன்னால் அண்ணை. தோளில் பிள்ளை, கால் முழுக்கச் சேறு.

என்ன கேட்பது என்று தெரியாமல் அதைத்தான் கேட்டேன்... அந்த இடத்தில், அந்த நேரத்தில். அண்ணை, அண்டைக்கு நீங்கள் வேணுமெண்டு செய்ததோ?

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"பின்னாலை சனம் நிக்குது தங்கச்சி. பேரை எழுதுங்கோ."

எழுதினேன். ஞானசீலன், குருநகர், எட்டுப் பேர். பதிவுத் துண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

ஆறுதலாகப் போங்கோ அண்ணை.