யானை தெரிந்த வருடம்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்ன பெரியப்பா, "மரியாதையா எழுது. உன் வேகத்துக்கு எழுதாதே" என்றும் சொன்னார். முயல்கிறேன். ஆனால் அக்காவைப் பற்றி எழுதினால் நாணயங்கள் வரும். நாணயங்கள் வந்தால் அந்தக் கடைசி வருடமும் வந்துவிடும்.

அக்கா பிறந்தது படப்பையில். அப்பா இறந்தபோது அக்கா ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேன். மூவரும் சிட்லபாக்கத்துக்கு வந்தோம். அக்கா டைப்ரைட்டிங் படித்து, பரீட்சை எழுதி, ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் போனார். எங்கள் சோறும் என் படிப்பும் அந்தக் கவுண்டரிலிருந்து வந்தவை.

சில்லறையில் எப்போதாவது பழைய காசு விழும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, தன் பர்ஸிலிருந்து அதே மதிப்பைப் போட்டுவிட்டு, அதை எடுத்துக்கொள்வார். அப்படித்தான் நாணயப் பைத்தியம் பிடித்தது. பிறகு நாணய விலைப் புத்தகம் ஒன்று வாங்கினார். தடித்த ஆங்கிலப் புத்தகம். ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் பல விலைகள். இடது ஓரத்தில் தேய்ந்த காசின் விலை. அடுத்து 'ஃபைன்', 'வெரி ஃபைன்'. வலது ஓரத்தில் கை படாத புதுக் காசின் விலை. என் கண் நேரே வலது ஓரத்துக்குத்தான் போகும்.

"அக்கா, ஆயிரத்துக்கு மேலக்கா!"

அக்கா புத்தகத்தை மூடிவிடுவார். "மொதல்ல காசைப் பாருடி. புக்கைப் பார்த்துட்டுக் காசைப் பார்த்தா, காசு அழகாயிடும்."

ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்க்கு அக்கா ஒரு சோதனை வைத்திருந்தார். ராஜாவின் மார்பில் கிடக்கும் சங்கிலியில் குட்டியாக ஒரு யானை இருக்கும். புழங்கிய காசில் முதலில் தும்பிக்கை மழுங்கும். பிறகு யானையே போய்விடும். தெருவில் யார் காசு கொண்டுவந்தாலும் லென்ஸை வைத்து யானையைத் தேடுவார். அக்கா சொன்ன விலை கடையில் அப்படியே கிடைக்கும் என்று அவருக்குப் பெயர் இருந்தது.

கோவளத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். ஒருநாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அக்காவிடம் ஒரு வெள்ளி ரூபாயை நீட்டினார்.

"இன்னா பாப்பா, எவ்ளோ போவும் இது?"

"யானை தேஞ்சு போச்சும்மா. வெள்ளி விலைதான்."

"யானையா? நான் இதுல மீனு கீதான்னு பாத்துகினு இருந்தேன்!" சிரித்துக்கொண்டே மறுபடி முடிந்துகொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில், கூடத்து பல்பு மங்கலாக இருக்கிறது, மாற்று என்றார் அக்கா. மாற்றினோம். பிறகு லென்ஸ் சரியில்லை என்று புதிது வாங்கினார். பிறகு தலைவலி. ஸ்டேஷன் தூசி என்றோம். நடந்து போகும்போது இடது தோள் சமையலறை நிலையில் இடித்தது. மறுநாளும் அதே நிலை, அதே தோள். "பார்த்துப் போயேன்டி" என்பார் அம்மா.

அந்த மாதங்களில்தான் காசுகள் அழகாகத் தொடங்கின. 'ஃபைன்' என்று அக்கா எடுத்துவைத்திருந்தவை 'வெரி ஃபைன்' ஆயின. விலை ஒவ்வொரு கட்டமாக வலது பக்கம் நகர்ந்தது. எனக்கு ஒரே குஷி. "பாப்பாவுக்கு இப்பத்தான் மனசு தாராளமாச்சு" என்று தெருவே சந்தோஷப்பட்டது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மீன்காரம்மா அதே ரூபாயோடு வந்தார். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"தும்பிக்கை தெரியுதும்மா. போன தடவை வெளிச்சம் பத்தல. வெள்ளி விலைக்குக் குடுத்துடாதே."

நான் எட்டிப் பார்த்தேன். "எங்கேக்கா?"

"இதோ. வளைஞ்சு தொங்குது பாரு."

அக்காவின் விரல் நுனி வெறும் வெள்ளியின் மேல் இருந்தது.

சில நாள் கழித்து மீன்காரம்மா கூடையில்லாமல் வந்தார். "இன்னா பாப்பா, கடைக்காரன் என் மூஞ்சிலயே சிரிக்கிறான். யானை எங்க, பூனை எங்கன்றான். உன் பேச்ச நம்பிப் பந்தல்காரனுக்கு வாக்குக் குடுத்துட்டேனே!"

அக்கா ரூபாயை வாங்கினார். லென்ஸை எடுத்தவர், அதைத் திரும்ப வைத்துவிட்டார். கண்களை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"வழவழன்னு இருக்குடி" என்றார் என்னிடம். "அப்போ நான் பார்த்தது என்ன?"

கண்ணில் கோளாறில்லை, மூளையில் கட்டி என்றார் டாக்டர். பார்வை விழாத இடத்தை, ஏற்கெனவே தெரிந்ததை வைத்து மூளையே நிரப்பிக்கொள்ளும் என்றும் சொன்னார். அக்கா அதுவரை எத்தனையோ யானைகளைப் பார்த்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன், தன் சேகரிப்பிலிருந்த ரூபாய்களை என் முன் பரப்பினார். "யானை இருக்கிறதா எடு. எனக்காகப் பார்க்காதே, காசைப் பாரு." நான் எடுத்துக் கொடுத்ததை மீன்காரம்மாவின் கையில் வைத்து, தேய்ந்ததைத் தான் வாங்கிக்கொண்டார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அக்காவால் போக முடியவில்லை.

ரத்தம் கொடுத்த ஸ்டேஷன் தோழர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத தெருக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரி வாசலில் கூடையோடு காத்துக்கிடந்த மீன்காரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில் சொன்னதை இங்கே சேர்க்கிறேன். "அந்த வருஷம் நான் சொன்ன விலை எதையும் நம்ப வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு." அப்படி அவர் பார்த்துக் கொடுத்த காசு உங்களிடம் இருந்தால், விற்பதற்கு முன் வேறொருவரிடம் காட்டுங்கள், என்னிடம் கொண்டுவந்தாலும் சரி.

அந்தத் தேய்ந்த ரூபாய் அக்காவின் படத்துக்குக் கீழே இருக்கிறது. போன வாரம் விளக்கேற்றும்போது, அதில் தும்பிக்கை வளைந்து தொங்குவது எனக்குத் தெரிந்தது. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்தேன்.

வழவழவென்றுதான் இருந்தது.