பாறையில் முளைத்த பச்சைக் கொம்புகள்

அந்தக் கார்த்திகை வெள்ளியன்று, அத்தா ஜும்மாவுக்குக் கிளம்பும் முன்பே ஜெபீனா சங்கராபுரத்தில் பஸ் ஏறினாள். வெள்ளிமலைக்குப் போகும் வழியில் ஓடையோரப் பாறை ஒன்றில் அவளுடைய ஆராய்ச்சி ஒட்டிக்கொண்டிருந்தது.

என்னோடு கல்லூரியில் படித்தவள். நான் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்த பிறகுதான் இதையெல்லாம் சொன்னாள்.

பாறையில் அப்பிய கரும்பச்சைத் தகடு அது, பாசி வகைச் செடி. வேரில்லை, தண்ணீரை ஏற்றும் குழாயில்லை. மேலே படும் ஈரத்தை உடம்பாலேயே குடிக்கும். ஆண் அணு நீரில் நீந்திப் போய்ச் சேர்ந்தால்தான் கொம்பு முளைக்கும். கொம்பின் நுனி கறுத்துப் பிளந்தால் உள்ளே வித்துத்தூள் இருக்கும். அதைப் பார்த்தால்தான் இன்ன செடி என்று சொல்ல முடியும். முந்தைய வருஷம் மழை ஏமாற்றியது. அந்த வருஷம் கொம்புகள் வந்துவிட்டன. முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் தந்த கடைசி நீட்டிப்பும் தை மாதத்தோடு முடிய இருந்தது.

போய்ப் பார்த்தால் பாறை வெளுத்துக் கிடந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி. கம்பி பிரஷ்ஷோடு நின்றவர் அத்தா கடையில் சுமை இறக்கும் பூமாலை.

"பாய் ரெண்டு மூட்டை குடுத்தனுப்புனாரும்மா. நல்லா தேச்சிட்டேன், இனிமே வழுக்காது."

அத்தா காஜா பாய்க்குத் தெரிந்த வழி அதுதான். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஹவுஸ் தொட்டிப் படியில் பாசி பிடித்தால் அவர் கடை பவுடர்தான் இலவசமாகப் போகும். ஒருமுறை மகளை வண்டியில் கூட்டிப்போனபோது அந்த ஈரப்பாறையில் அவள் நிற்பதைப் பார்த்து, வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று பயந்திருக்கிறார்.

வெடிப்பெல்லாம் நகத்தால் கிளறினாள். ஒரு துண்டு கிடைத்தது, கொம்பு இன்னும் பச்சையாக.

வீட்டில் அத்தா சிரித்தபடி கேட்டார். "இன்னா பாசி டாக்டரு, கால் வழுக்கலியே?"

"அந்தப் பாசிதான் அத்தா என் படிப்பு."

அவருக்குப் புரிய நேரமானது. "மழ பேஞ்சா திரும்ப வந்துடும்லமா?" குரல் இறங்கிவிட்டது.

வரவில்லை. மறு வருஷம் வேறேதோ பாசி படர்ந்தது. மலையெல்லாம் தேடியும் அது மட்டும் இல்லை. ஆராய்ச்சிப் பதிவு ரத்தானது. அந்தத் துண்டை வெளியூர் நிபுணர் ஒருவருக்கு அனுப்பிவிட்டு, தினமும் போனைப் பார்த்துப் பார்த்து, பிறகு பார்ப்பதையும் விட்டாள். இப்போது கடையில் பில் போடுகிறாள்.

போன மாசியில் பதில் வந்தது. எனக்குக் காட்டினாள்.

"தாமதத்துக்கு மன்னிக்கவும். வித்துத்தூள் முதிரவில்லை, பெயர் சொல்ல இயலாது. இதுவரை பார்க்காத இனமாக இருக்கலாம். முதிர்ந்த கொம்பு ஒன்று அனுப்ப முடியுமா?"