வெள்ளிக்கிழமைச் சத்தம்

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் எதிர்வீட்டு ஷெட்டில் மஞ்சள் நிற இத்தாலியக் கார் ஒன்று நிற்கிறது. உயரம் என் இடுப்பளவு. தெருவில் நான்கு வேகத்தடைகள் இருப்பதால், அடி தட்டிவிடும் என்று அது வெளியே வந்ததே இல்லை. முதலாளி துபாயில் இருக்கிறார். வெள்ளிதோறும் போன் செய்வார். ஒட்டிய கன்னமுள்ள காவலாளி இன்ஜினை முடுக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, புகைக்குழாயருகே போனைப் பிடித்தபடி நிற்பார். ஆறு நிமிடம் முதலாளி கேட்பார். கார் வாங்கியதே இந்தச் சத்தத்துக்குத்தானாம்.

ஒரு வெள்ளியன்று பேட்டரி இறங்கிவிட்டது. வார நடுவில் ஒருமுறை ஓடவிடக் காவலாளி மறந்திருந்தார்.

"பாய்க்குத் தெரிஞ்சா வேலை போயிரும் சார்" என்றவர், தன் மனைவியின் போனில் முன்பு பெருமைக்காகப் பதிந்து வைத்திருந்த இன்ஜின் சத்தத்தை ஓடவிட்டார். பதியும்போது நான் பக்கத்தில் நின்றிருந்ததால், நடுவே என் இருமலும் மூன்று முறை கேட்டது.

"ஏமாத்துறது இல்லையாய்யா இது?"

"அவரு கேக்குறது சத்தம்தானுங்களே சார். குடுத்துட்டேன்."

புது பேட்டரிக்குக் காசில்லாமல் ஐந்து வாரம் அதே பதிவு. ஆறாவது வாரம் முதலாளி, "எதிர்வூட்டு சாருக்கு இருமல் நிக்கவே இல்லியேப்பா" என்று வருத்தப்பட்டார். அதிலிருந்து பதினெட்டாம் நாள் துபாயிலிருந்து எனக்கு மூன்று பாட்டில் தைலம் வந்தது.

காவலாளிதான் கொண்டுவந்து கொடுத்தார்.

"தேச்சுக்கங்க சார். நல்லாயிடுச்சுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

நான் இன்றுவரை சொல்லவில்லை.