வேலியோரத்து மட்டி ஓடுகள்

முல்லைத்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. பக்கத்து வீட்டு மரியம்மாக்கா கடலேரிச் சேற்றில் பொறுக்கிய ஒரு சட்டி மட்டி தந்தார். அவித்து, உப்பும் மிளகும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிரட்டினேன். எப்படியிருக்கிறது என்று கேட்கத்தான் ஆளில்லை. தனியே தின்று, ஓடுகளை வேலியோரம் கொட்டினேன்.

காலையில் சட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

“தனிய இருந்து சாப்பிட ஒரு மாதிரிக் கிடக்கு. உங்கட வீட்டில எத்தனை பேரக்கா?”

அவர் தன் பக்க வேலியோரத்தைப் பார்த்தார். அங்கேயும் ஒருவர் தின்ற அளவு ஓடுதான் கிடந்தது.

“பின்னேரம் என்னோட சாப்பிட வாங்கோ” என்றேன்.

வந்தார். நான் சந்தையில் வாங்கி அதேபோலப் பிரட்டி வைத்திருந்த மட்டியில் ஒன்றை வாயில் போட்டார்.

“உப்புக் கூடிப்போச்சு, ரீச்சர். மட்டியிலயே உப்பிருக்கெல்லே.”

அந்த வீட்டில் என் சமையலைக் குறை சொல்ல ஓர் ஆள் வந்துவிட்டார். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.