சாவு வீட்டு நாற்காலி

1. முதல் கூட்டம்

தேர்தலில் ஜெயித்து, பிரதேச சபையின் முதல் கூட்டத்துக்கு நான் பஸ்ஸில்தான் போனேன். வாசலில் நின்ற காவலாளி, கூட்டிப் பெருக்க வந்தவள் என்று நினைத்துப் பின்பக்கம் கையைக் காட்டினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முந்தின வாரம்வரை மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள்தானே நான். உள்ளே எல்லாப் பேச்சும் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் வரும், ஆனால் அது சந்தைச் சிங்களம். கோரிக்கையைப் பிரேரணையாக வைக்கிற சிங்களம் வேறு. தேத்தண்ணி நேரத்தில் என் பக்கம் ஒருவரும் வரவில்லை.

என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னது செல்லம்மா. பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள், சின்ன வயதிலிருந்து என் கூட்டாளி. எங்கள் மயானத்துக்குப் போவது செங்குத்தான மண் பாதை. மழை நாளில் பாடை தூக்குகிறவர்கள் வழுக்கி விழுவார்கள். "நீ நில்லுடி. போயி அந்தப் பாதைய மட்டும் கேளு, போதும்" என்றாள்.

கேட்டேன். கூட்டத்துக்குக் கூட்டம் அதே பிரேரணைதான். என்னைக் கண்டாலே சபைத் தலைவரான தவிசாளர், மயானம் வந்துவிட்டது என்று சிரிப்பார். சிரித்தால் என்ன, கடைசியில் கொங்கிரீட் பாதை வந்தது.

2. நாற்காலி

சந்தோஷத்தில் செல்லம்மா வீட்டுக்கு ஓடினேன். அவள் எழுந்து நின்று, "வாங்க மெம்பரம்மா" என்றாள். கேலி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. அதற்குப் பிறகு அவள் என்னை 'டி' போட்டுக் கூப்பிடவே இல்லை.

புதுப் பாதையில் முதலில் போனதும் அவள்தான். நெஞ்சுவலி என்றார்கள். அவள் வீட்டுக்குள் பெண்கள் சாக்கு விரித்து, அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் உள்ளே போகப் பார்த்தேன். தோட்டத் தலைவர் மறித்து, வாசலில் வெள்ளைத் துணி போட்ட நாற்காலியைக் காட்டினார்.

"நீங்க தரையில ஒக்காந்தா எங்களுக்குத்தாங்க மரியாதக் கொறச்சல்" என்றார்.

ஆம்பளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். மயானத்தில் மைக்கைத் தந்து இரங்கல் உரை கேட்டார்கள். 'அன்னார்' என்று தொடங்கி ஒரு தடங்கல் இல்லாமல் பேசினேன். நல்ல பேச்சு என்று எல்லோரும் சொன்னார்கள்.

3. தோற்ற பிறகு

அடுத்த தேர்தலில் தோற்றேன். போன மாதம் பக்கத்து லயத்து வீடொன்றில் ஒரு சாவு. இந்த முறை யாரும் நாற்காலி கொண்டுவரவில்லை. அப்பாடா என்று உள்ளே போய்ச் சாக்கில் உட்கார்ந்தேன். பெண்கள் நகர்ந்து, தேவைக்கு மேலேயே இடம் விட்டார்கள். ஒப்பாரி நின்றுபோனது. எனக்காகத்தான் நிறுத்தினார்கள் என்று தெரிந்தது. நானே முதல் அடியை எடுத்துக்கொடுப்போம் என்று வாயைத் திறந்தேன். வந்தது மைக்கில் பேசிய அந்தக் குரல்தான்.

இனித் தேர்தலில் நிற்கப்போகும் பெண் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பிரேரணை எழுத யாராவது சொல்லித்தருவார்கள். ஜெயித்த பிறகு போகிற முதல் சாவு வீட்டிலேயே நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். மரியாதை குறைந்தால் குறையட்டும். நான் செல்லம்மாவுக்கு இன்னும் அழவில்லை.