பட்டப்பகல் சவரம்

சோணையம்மாளுக்குப் புத்தி பிசகிவிட்டதாம், ஆம்பளைகள் முடிவெட்டும் சலூனில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளாம். அம்மாவிடம் யாரோ பஸ்ஸில் சொன்னதை, அம்மா காரைக்குடி செக்காலையிலிருந்து போனில் எனக்குச் சொன்னாள். நான் வட கரோலினாவில் இருக்கிறேன். புத்தி பிசகவில்லை என்று உடனே தெரிந்தது. அதனால்தான் பயமே வந்தது.

சோணையம்மாள் என் அத்தை, மாமா கருத்தையாவின் மனைவி. கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றில், காலனியில் வீடு. பழைய பெரிய வீடுகளை ஹோட்டலாக மாற்றும் வேலைகளில் சித்தாளாகக் கல் சுமந்தவள். வேலையாட்கள் பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று ஒரு மேஸ்திரி சொன்னபோது, "கல்லு முன்வாசல்ல கிடக்கு. அதுவா நடந்து பின்னாடி வருமா?" என்று கேட்டுவிட்டு முன்வாசலிலேயே போய்வந்தாள்.

போன வருஷம் மாமாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதுவரை சவரத்துக்குக் காரைக்குடிக்கு பஸ் ஏறுவார். ஊர் முக்கிலேயே தங்கச்சாமியின் சலூன் இருக்கிறது. அந்த நாற்காலியில் காலனி ஆட்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. இனி பஸ் ஏற முடியாது என்றானதும், அத்தை மாமாவைச் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு நேரே அங்கே போனாள்.

தங்கச்சாமி பதறிவிட்டார். "இந்த இடம் ஊருக்குச் சொந்தம்க்கா. அண்ணனுக்கு வெட்டுனா அன்னைக்கே என்னையக் காலி பண்ணிருவாக. பொழுது சாயட்டும், வீட்டுக்கே வந்து முடிச்சுவிட்டுப் போறேன்."

"இருட்டுனப்பறம் வர்றதுக்கு, களவாங்கவா வாரீக? பகல்ல வெட்டுங்க. இந்த நாற்காலில வெட்டுங்க."

அவர் வெட்டவில்லை. அவள் பெஞ்சை விட்டு நகரவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மாமா வாசல் வேம்படியில் வண்டியில் இருப்பார். உள்ளே அத்தை மூக்குத்தி மின்ன, சினிமாப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பாள். ஒரு பொம்பளை பார்த்துக்கொண்டிருக்க, அக்குள் மழிக்கக் கையை எப்படித் தூக்குவது? வந்த ஆட்கள் திரும்பிப் போனார்கள்.

நான் போனில் கெஞ்சினேன். "சட்டம் இருக்கு அத்தை. கேஸ் குடுப்போம்."

"கேஸுன்னா அந்தப் பய கடையைப் பூட்டிட்டு ஓடிருவான். அவன் ஜெயிலுக்குப் போயி எனக்கு என்ன ஆகப்போகுது? எனக்கு நாற்காலிதான் வேணும்."

இங்கே அறுபதுகளில் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த ஹோட்டல்களில் போய் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். தலையில் சீனியைக் கொட்டினார்கள், சிகரெட்டால் சுட்டார்கள், அவர்கள் கை ஓங்கவில்லை என்றேன். அவள் பயப்படட்டும் என்றுதான் சொன்னேன்.

"எம்புட்டு நாளு உக்காந்தாக?"

"சில ஊர்ல மாசக்கணக்கா."

"அப்ப எனக்கு இன்னும் நேரம் கிடக்கு. நீ எதுக்கு அங்குட்டு இருந்து நடுங்குற?"

ஊர்த் தலைவர் அழகுசுந்தரம் ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் சோர்ந்துபோகும்வரை கடையைப் பூட்டச் சொன்னார். ஆனால் அம்மன் கோயில் திருவிழா நெருங்கியிருந்தது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரில் ஒருவரும் முகம் மழிக்கக் கூடாது. அதற்கு முன்னால்தான் கடையில் கூட்டம் நெரியும். அதை யாரும் யோசிக்கவில்லை. ஊர் முழுக்கத் தாடி. கடைசியில் மாமா ஏறிய அதே பஸ்ஸில் எல்லோரும் காரைக்குடிக்கு ஏறினார்கள்.

பூட்டிய கடை வாசலிலிருந்து அத்தை கூப்பிட்டுச் சொன்னாளாம்: "செக்காலைக்கா அண்ணே? பார்த்து உக்காருங்க! எங்க வீட்டுக்காரரு உக்காந்த நாற்காலியா இருக்கப் போகுது!"

அழகுசுந்தரத்தை அவள் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பஸ்ஸுக்குள் சிரித்துவிட்டார்களாம். அவர் திரும்பியே பார்க்கவில்லையாம்.

காப்புக் கட்டும் நாள், மழிக்க அதுதான் கடைசிப் பொழுது; காலையில் கடையைத் திறக்க வேண்டியதாயிற்று. அங்கே விடிந்தபோது எனக்கு முந்தின நாள் இரவு. அம்மா கூப்பிட்டாள்.

"உங்க மாமாவை உள்ள கொண்டுபோய் நாற்காலில உக்கார வச்சுட்டா. தங்கச்சாமி வேற வழியில்லாம வெள்ளைத் துணியைப் போத்திட்டானாம். வெளிய ஒரே கூட்டம். ஒருத்தரும் பார்க்க வேணாம்னு அவன் ஷட்டரை இறக்கப் போயிருக்கான். இவ சரியா ஷட்டருக்கு அடியில சம்மணம் போட்டு உக்காந்துட்டாளாம். இறக்குறதுன்னா என் தலைமேல இறக்குங்கறாளாம்."

"அவன் சவரக் கத்தியை எடுத்தானாம்மா?"

"தெரியலையே."

அத்தையின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. திரும்ப அழுத்தினேன். அடித்துக்கொண்டே இருக்கிறது.